கமிட்டியில் பெயர் போட்டுவிட்டார்கள், இனி என்ன? பல்கலைக்கழக ஆளுகையில் இறங்கும் புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து ஓர் ஆண்டு ஆவதற்குள் துறைத்தலைவர் கூப்பிட்டு, "உங்க பேரை ஒரு கமிட்டியில போட்டிருக்கேன், பெரிய வேலை ஒண்ணும் இருக்காது" என்பார். நம்மில் பலருக்குப் பல்கலைக்கழக நிர்வாகத்தோடு ஏற்படும் முதல் தொடர்பே இதுதான். முனைவர் பட்டத்துக்கு உழைக்கும்போது ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். பாடம் நடத்தவும் ஒருவழியாகப் பழகிக்கொள்கிறோம். அஜெண்டாவை எப்படிப் படிப்பது, தீர்மானத்துக்கு எப்படித் திருத்தம் கொண்டுவருவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

தொடங்கும் முன் என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களின் கருத்து தோற்றுப்போவது பெரும்பாலும் கூட்டம் கூடுவதற்கு முன்பே, வரைவு தயாராகும் மேசையில். மன்றத்தில் ஆவேசமாகப் பேசுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கலாம். ஆனால் இரண்டு வாரம் முன்பே வரைவை வாங்கிப் படித்து, நாலு வரி மாற்றி எழுதிக் கொடுத்தவரின் வாசகம்தான் விதியாகிறது. கீழே வரும் யோசனைகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

1. விதிப்புத்தகத்தைக் கையில் எடுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அடுக்கடுக்காகச் சில ஆவணங்கள் இருக்கும். மேலே, பல்கலைக்கழகத்தை உருவாக்கிய சட்டமோ சாசனமோ. அதற்குக் கீழே சட்டவிதிகள், அதற்கும் கீழே ஒழுங்குமுறைகள், கடைசியில் துறை அளவிலான நடைமுறைகள். மேலடுக்கோடு கீழடுக்கு மோதினால் மேலடுக்குதான் நிற்கும். "இங்கே எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்ற வழக்கம் இந்த அடுக்குகளில் எதிலும் வராது. ஆனால் கூட்டங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான்!

மொத்தத்தையும் படிக்கத் தேவையில்லை. உங்கள் குழுவைப் பற்றிய பிரிவைத் தேடிப் பிடித்து, உறுப்பினர் யார் யார், அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார், பதவிக்காலம் எவ்வளவு, கோரம் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று: அந்தக் குழுவுக்கு விதி தந்திருக்கும் அதிகாரம் எந்த அளவுக்கானது? "முடிவு செய்யும்" என்று இருந்தால் உங்கள் வாக்கு கடைசி வாக்கு. "பரிந்துரைக்கும்" என்று இருந்தால் மேலே ஒருவர் அதை ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம். "கலந்தாலோசிக்கப்படும்" என்று மட்டும் இருந்தால், உங்களிடம் கேட்டதாகப் பதிவு இருந்தால் போதும், கேட்டபடி செய்ய வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்தால் ஜப்பானைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு புலத்திலும் (பல துறைகள் சேர்ந்த பிரிவு) இயங்கும் பேராசிரியர் மன்றங்கள் முக்கியமான விஷயங்களை ஆராய்வதற்கான அமைப்பு என்று பள்ளிக் கல்விச் சட்டம் சொல்லிவந்தது. அந்தப் பிடியை வைத்துக்கொண்டு அவை நடைமுறையில் பெரிய செல்வாக்கோடு இருந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாணவர் சேர்க்கை, படிப்பை முடித்தல், பட்டம் வழங்கல் போன்றவற்றில் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கருத்துச் சொல்வதே மன்றத்தின் வேலை என்றாகிவிட்டது. 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆட்கள், அறை, மேசை, கூட்ட நாள் எல்லாம் அப்படியே இருக்க, அதிகாரம் மட்டும் இடம் மாறியது.

2. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும், அதில் குழம்ப வேண்டாம். சொத்து, நிதி, நியமனம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான உச்ச அமைப்பு ஒன்று இருக்கும். அமெரிக்காவில் அறங்காவலர் குழு என்பார்கள், பிரிட்டனில் கவுன்சில் என்பார்கள், இந்தியப் பல்கலைக்கழகங்களில் சிண்டிகேட் அல்லது செயற்குழு. படிப்பு, தேர்வு, பட்டம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் கல்வி அமைப்பு இன்னொன்று: செனட், கல்விக்குழு. கவனம், செனட் என்ற ஒரே பெயர் ஓரிடத்தில் கல்வி அமைப்பையும் இன்னோரிடத்தில் முன்னாள் மாணவர்கள், வெளியாட்கள் எல்லாம் உட்காரும் பெரிய பேரவையையும் குறிக்கும். பெயரை வைத்து முடிவுக்கு வராமல் விதியைப் பாருங்கள். இவற்றுக்குக் கீழே புலங்கள், துறைகள், பாடத்திட்டக் குழுக்கள். பக்கவாட்டில் துணைவேந்தர், பதிவாளர், டீன் என்று நிர்வாகம்.

ஆசிரியருக்கு எவ்வளவு பங்கு என்பது தொடக்கத்திலிருந்தே தீராத வழக்குதான். இடைக்காலப் போலோன்யாவில் மாணவர்கள்தான் ரெக்டரை, அதாவது பல்கலைக்கழகத் தலைவரை, தேர்ந்தெடுத்தார்கள், ஆசிரியர்கள் அவருக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. பாரிஸில் நேர் எதிர், அது ஆசிரியர்களின் கூட்டமைப்பு. 1918இல் அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பேராசிரியர், மாணவர், பட்டதாரி மூவரும் சேர்ந்து ஆளும் முறை அங்கிருந்து லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியது. ஜெர்மனியில் ஆசிரியர், மாணவர், பணியாளர் என எல்லாத் தரப்பும் குழுக்களில் உட்காரலாம் என்று 1973இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கூடவே, கற்பித்தல், ஆராய்ச்சி, பேராசிரியர் நியமனம் ஆகியவற்றில் பேராசிரியர்களின் செல்வாக்கே மேலோங்கி இருக்க வேண்டும் என்றும் எல்லை வகுத்தது. டென்மார்க் 2003இல் எதிர்த் திசையில் போனது. வெளியாட்கள் பெரும்பான்மையாக உள்ள ஆட்சிக் குழுவே ரெக்டரை நியமிக்கும் என்று சட்டம் போட்டார்கள், ரெக்டர் தேர்தல் முடிவுக்கு வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் இன்றைக்கும் ஐயாயிரத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட காங்கிரிகேஷன் என்ற மன்றம்தான் உச்ச அமைப்பு. கவுன்சிலில் வெளியாட்களுக்குப் பெரும்பான்மை தரும் சீர்திருத்தத்தைத் துணைவேந்தர் 2006இல் கொண்டுவந்தபோது மன்றம் அதைத் தோற்கடித்தது. பிறகு எல்லா உறுப்பினர்களிடமும் தபால் வாக்கெடுப்பு நடத்தினார்கள், அதிலும் தோற்றது. அந்த அளவு அதிகாரம் உலகில் மிகச் சில ஆசிரியர் மன்றங்களுக்கே உண்டு. நம்முடையது அப்படி இருக்காது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

3. எது உங்கள் எல்லை, எது இல்லை

எல்லாவற்றிலும் தலையிட முயல்கிற ஆசிரியர் மன்றம் எதிலும் செல்லுபடியாகாமல் போகும். எங்கே உரிமையோடு பேசலாம், எங்கே யோசனை மட்டும் சொல்லலாம் என்ற வரைபடம் மனதில் இருக்க வேண்டும்.

இதற்கு இன்றும் கைகொடுக்கிற ஆவணம் ஒன்று 1966இல் அமெரிக்காவில் வந்தது. பேராசிரியர்களின் சங்கம், கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு, ஆட்சிக் குழுக்களின் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து தயாரித்த அறிக்கை. பாடத்திட்டம், கற்பிக்கும் பொருள், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனமும் பதவி உயர்வும், கல்வியோடு தொடர்புடைய மாணவர் விஷயங்கள் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்கிறது அது. ஆட்சிக் குழுவோ தலைவரோ இவற்றில் ஆசிரியர்களின் முடிவை மறுப்பது அபூர்வமாகவே நடக்க வேண்டும், மறுத்தால் வலுவான காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. அது சட்டம் இல்லை. ஆனாலும் "காரணத்தை விரிவாகச் சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு முன்னுதாரணம் இருப்பது பெரிய விஷயம்.

கட்டடம், முதலீடு, வழக்குகள், பாதுகாப்பு ஆகியவற்றில் உங்களுக்குக் கருத்து இருக்கலாம், முடிவெடுக்கும் உரிமை அநேகமாக இருக்காது. உண்மையான சண்டை இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதியில்தான் நடக்கும். ஒரு துறையை மூடுவது படிப்பு சார்ந்த விஷயமா, நிதி சார்ந்த விஷயமா? வகுப்பில் எத்தனை மாணவர் என்பது? இணையவழிப் படிப்பு தொடங்குவது? நிர்வாகம் நிதி என்று சொல்லும், ஆசிரியர்கள் படிப்பு என்று சொல்வார்கள், இரண்டுமே உண்மைதான். அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: நிதிக்குழுவில் ஆசிரியர் பிரதிநிதிக்கு இடம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். கணக்கு வழக்கு பிடிக்காது என்று மானிடவியல் பேராசிரியர்களும் நேரமில்லை என்று வேதியியல் பேராசிரியர்களும் ஒதுங்கிக்கொள்ளும் அந்த நாற்காலியில்தான் அடுத்த ஐந்தாண்டுப் பாடத்திட்டம் தீர்மானமாகிறது.

4. எந்தக் குழுவுக்குச் சரி சொல்வது

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு என் பரிந்துரை, துறையின் பாடத்திட்டக் குழு. உங்களுக்குத் தெரிந்த விஷயம், விளைவு கண்ணுக்குத் தெரியும், ஒரு வரைவு துறையிலிருந்து புலத்துக்கும் அங்கிருந்து கல்விக்குழுவுக்கும் எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். மாணவர் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, பாலியல் தொல்லைப் புகார்க் குழு போன்றவை மிக முக்கியமானவை. ஆனால் அங்கே சட்டமும் மனித வேதனையும் கலந்து வரும். முறையான பயிற்சி தராமல் புதியவரை அங்கே உட்கார வைத்தால் அது அவருக்கும் நல்லதில்லை, புகார் கொடுத்தவருக்கும் நல்லதில்லை.

தலையாட்டுவதற்கு முன் அழைத்தவரிடம் கேளுங்கள். இந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது? அது அனுப்பிய பரிந்துரைகள் என்னவாயின? மாதம் எத்தனை மணி நேரம் போகும்? இந்தப் பணி பதவி உயர்வில் கணக்கில் வருமா? முதல் கேள்விக்கே பதில் இழுத்தால் அது பெயருக்கு இருக்கும் குழு. ஏதாவது தணிக்கைக்கோ தரமதிப்பீட்டுக்கோ காட்டுவதற்காக உயிரோடு வைத்திருப்பார்கள்.

மறுப்பதும் ஒரு திறமை. பணி நிரந்தரம் ஆகாதவர், தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் ஆகியோரின் தலையில் குழுக்களை அடுக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது, அவர்களால் "முடியாது" என்று எளிதில் சொல்லிவிட இயலாது என்பதால். பெண் ஆசிரியர்களுக்கும் சிறுபான்மைப் பிரிவினருக்கும் இந்தச் சுமை கூடுதல். ஒவ்வொரு குழுவிலும் "பிரதிநிதித்துவம்" வேண்டும் என்பார்கள், இருப்பதோ சிலர், ஆக அதே சிலர் எல்லாக் குழுவிலும் உட்கார வேண்டியிருக்கும். "இந்த ஆண்டு பாடத்திட்டக் குழுவில் இருக்கிறேன், அதைச் சரியாகச் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு கேளுங்கள்" என்று ஒரு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

ஒப்பந்த ஆசிரியராகவோ பகுதிநேர ஆசிரியராகவோ இருந்தால் வேறொன்றையும் பாருங்கள்: உங்களுக்கு வாக்கு உண்டா? பல இடங்களில் பாடச் சுமையில் பெரும்பகுதியைச் சுமப்பவர்களுக்குப் பாடத்திட்டத்தில் வாக்கு கிடையாது. விதியில் இல்லையென்றால் சிறப்பு அழைப்பாளராக உட்கார வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாக்கு இல்லாவிட்டாலும் வரைவு கைக்கு வரும்.

5. கூட்டத்துக்கு முந்தைய வாரம்

இந்தப் பகுதியில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் வேலை இங்கேதான் இருக்கிறது.

அஜெண்டா வந்தவுடன் பொருள்களின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பது மனித இயல்பு. தலைப்புகள் எல்லாம் சாதுவாகத்தான் இருக்கும். கற்பனையாக ஓர் உதாரணம் சொல்கிறேன். பொருள் 9: "முதுநிலைப் படிப்புகளின் கட்டமைப்பைச் சீரமைத்தல் (இணைப்பு 4)." இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? இணைப்பு 4ஐத் திறந்தால் 23 பக்கம். முதல் பத்துப் பக்கம் நோக்கம், பின்னணி, தரம், உலகளாவிய போக்கு. 17ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதன் கடைசி வரிசையில், மற்ற எழுத்துகளைவிடச் சிறிய எழுத்தில், "துறைசார் விருப்பப்பாடங்கள் பொதுத் தொகுப்புக்கு மாற்றப்படும்" என்று இருக்கிறது. அதாவது உங்கள் துறை இதுவரை நடத்திய நான்கு விருப்பப்பாடங்கள் இனித் துறையின் கையில் இருக்காது. பொதுத் தொகுப்பில் எது நடக்கும் என்பதை டீன் அலுவலகம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யும். இரண்டு ஆண்டுக்குள் "அந்தப் பாடத்துக்குத் தேவை இல்லை" என்பார்கள், அதைத் தொடர்ந்து "அந்தப் பணியிடத்துக்கும் தேவை இல்லை" என்பார்கள். ஒரு பணியிடம் போவது அந்த அட்டவணையின் கடைசி வரிசையில் தொடங்குகிறது. யாரும் சதி செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அட்டவணை தயாரித்தவருக்கு அது வெறும் ஒழுங்குபடுத்தல்.

ஆகவே அஜெண்டாவை இணைப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படியுங்கள். அட்டவணை, அடிக்குறிப்பு, "நடைமுறைக்கு வரும் நாள்" என்ற வரி, "இதற்கு முரணான விதிகள் நீக்கப்படுகின்றன" என்ற வரி, இவைதான் முதலில். முன்னுரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

விவாதமில்லாமல் ஒரே மொத்தமாக ஒப்புதல் வாங்கும் பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருந்தால் அதையும் விடாதீர்கள். அன்றாட விஷயங்களுக்கான வசதி அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் அன்றாடமல்லாத ஒன்று நழுவி உட்கார்ந்திருக்கக்கூடும். அப்படியொரு பட்டியல் வைத்திருக்கும் மன்றங்களில், ஒரு பொருளைத் தனியே எடுத்து விவாதிக்க வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டாலே பொதுவாகப் போதும். கூட்டம் தொடங்கியதும், மொத்த ஒப்புதலுக்கு முன், கையைத் தூக்கிக் கேட்க வேண்டும்.

சிக்கலான பொருள் இருந்தால் இரண்டு பேரிடம் பேசுங்கள். ஒருவர், அதைத் தயாரித்தவர். "17ஆம் பக்கத்து வரிசை புரியவில்லை" என்று தன்மையாகக் கேட்டால் பாதி நேரம் அவரே மாற்றிவிடுவார், கூட்டத்தில் பேச வேண்டிய அவசியமே வராது. இன்னொருவர், வேறு துறையைச் சேர்ந்த உறுப்பினர். உங்கள் துறைக்கு மட்டும் வலிப்பதாகத் தெரிந்தால் மன்றம் அதை உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடும். வரலாற்றுத் துறையின் கவலையை இயற்பியல் பேராசிரியர் எழுப்பினால் எடை கூடும்.

நீங்களே ஒரு பொருளைச் சேர்க்க விரும்பினால், எத்தனை நாள் முன்பு அறிவிப்புத் தர வேண்டும் என்று விதியில் பாருங்கள். "தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்" என்ற கடைசி வரியை நம்பாதீர்கள். அந்த நேரத்துக்குப் பாதி பேர் கிளம்பியிருப்பார்கள்.

6. கூட்டத்தில்

கூட்ட நடைமுறைக்கு அமெரிக்காவில் பலர் பின்பற்றுவது ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்ட விதித் தொகுப்பு. 1863இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி, எப்படி நடத்துவது என்று தெரியாமல் அவர் திணறிப்போனாராம், அந்த அவமானத்தில் பிறந்தது அந்தப் புத்தகம். மற்ற நாடுகளில் பல்கலைக்கழகமே தன் நிலையாணைகளை வைத்திருக்கும். எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், விவாதம் நடக்கும், திருத்தம் வந்தால் திருத்தத்துக்கு முதலில் வாக்கெடுப்பு, பிறகு திருத்தப்பட்ட மூலத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு. விவாதத்தை வெட்டிவிட்டு வாக்கெடுப்புக்குப் போக ராபர்ட் விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். தீர்மானம் இப்படி வந்திருக்கிறது: "முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டிருக்க வேண்டும்." உங்கள் துறையில் ஒரு கட்டுரை ஏற்கப்படவே ஒன்றரை ஆண்டு ஆகிறது. எழுந்து, உலகம் முழுவதும் ஆராய்ச்சி எப்படி எண்ணிக்கை மோகத்தில் சீரழிகிறது என்று கால் மணி நேரம் பேசலாம். எல்லோரும் தலையாட்டுவார்கள், தீர்மானம் அப்படியே நிறைவேறும். அதற்குப் பதில் ஒரு தாளை நீட்டுங்கள்:

"'இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டிருக்க வேண்டும்' என்பதை நீக்கி, 'ஒரு கட்டுரையை வெளியிட்டிருக்க வேண்டும், அல்லது வெளியீட்டுக்கு ஏற்கப்பட்டதற்கான கடிதத்தைப் பெற்றிருக்க வேண்டும்' என்று மாற்றுக. 'இவ்விதி, நடைமுறைக்கு வந்தபின் சேரும் மாணவர்களுக்கே பொருந்தும்' என்று இறுதியில் சேர்க்க."

இதை எழுத்தில், போதுமான பிரதிகளோடு கொண்டுபோக வேண்டும். வழிமொழிய ஒருவரை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இரண்டு மாற்றங்களையும் தனித்தனித் திருத்தமாகப் பிரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது: முதலாவது தோற்றாலும் இரண்டாவது ஜெயிக்கக்கூடும், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்களாவது தப்பிப்பார்கள். பேச இரண்டு நிமிடம் போதும். உங்கள் துறையில் ஒரு கட்டுரை வெளியாக எவ்வளவு காலம் எடுக்கிறது என்ற தகவல் கையில் இருந்தால் வேறு வாதமே தேவையில்லை.

புதியவர்கள் தயங்குகிற இன்னொன்று கோரம். கூட்டம் இழுத்துக்கொண்டே போய் ஆட்கள் குறைந்திருக்கும்போது முக்கியமான பொருள் எடுக்கப்பட்டால், "கோரம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாமா?" என்று எந்த உறுப்பினரும் கேட்கலாம். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கோரம் இல்லாமல் எடுத்த முடிவைப் பின்னால் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்க முடியும், அதனால் நிர்வாகத்துக்கும் அது நல்லதுதான்.

ரகசிய வாக்கெடுப்பு கேட்கும் உரிமை உண்டா என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதவி உயர்வுக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவரே தலைமை நாற்காலியில் இருக்கும் அறையில், கை தூக்கி வாக்களிப்பதும் சீட்டில் எழுதிப் போடுவதும் ஒன்றில்லை.

7. மினிட்ஸ்

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் நினைப்பு வந்துவிடும். ஆனால் ஆறு மாதம் கழித்து நடந்தது என்ன என்று கேட்டால், மினிட்ஸில், அதாவது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், இருப்பதுதான் நடந்தது. "விவாதிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் முடிவு எதுவும் இல்லை. "பதிவு செய்துகொள்ளப்பட்டது" என்றால் மன்றத்துக்குத் தகவல் தரப்பட்டது, அவ்வளவுதான், ஒப்புதல் இல்லை. "தீர்மானிக்கப்பட்டது" என்றால்தான் முடிவு. ஒரு விஷயத்தை மன்றம் கேட்டுக்கொண்டது மட்டுமே நடந்திருக்க, மினிட்ஸில் "ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று வந்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் முந்தைய மினிட்ஸை உறுதிப்படுத்தும் கட்டத்தில் திருத்தச் சொல்ல வேண்டும். அந்த வாய்ப்பு பெரும்பாலும் ஒரு தடவைதான் வரும். அன்றைக்கு நீங்கள் தாமதமாகப் போனால் போனதுதான்.

நீங்கள் எதிர்த்து வாக்களித்ததைப் பதிவு செய்ய விரும்பினால் கூட்டத்திலேயே, "என் மாற்றுக் கருத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அன்றோ மறுநாளோ நாலைந்து வரியில் எழுதிச் செயலாளருக்கு அனுப்பிவிடுங்கள். நாலைந்து வரிதான். பத்துப் பக்கம் அனுப்பினால் "உறுப்பினர் ஒருவர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தார்" என்று சுருங்கிவிடும்.

8. விலகி நிற்க வேண்டிய இடங்கள்

நேர்காணலுக்கு வந்திருப்பவர் உங்கள் மாணவர், உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர், உறவினர் என்றால் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டு அந்தப் பொருளுக்கு வெளியே போய்விடுங்கள். அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பது விலகி நிற்பதாகாது. நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, கேட்பவர் நெருங்கிய நண்பரானாலும் சரி.

9. சங்கம் வேறு, மன்றம் வேறு

சம்பளம், விடுப்பு, பணிநேரம், குறைதீர்ப்பு ஆகியவை ஆசிரியர் சங்கத்தின் களம். படிப்பு, தரம், பட்டம் ஆகியவை கல்வி மன்றத்தின் களம். இரண்டிலும் அதே முகங்கள் இருக்கலாம், ஆனால் ஒன்றில் பேச வேண்டியதை இன்னொன்றில் பேசினால் இரண்டும் பலவீனமாகும். அமெரிக்காவில் இது ஒரு விசித்திரமான முடிச்சாகவே விழுந்தது. யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் அங்கே உச்ச நீதிமன்றம் 1980இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது: பாடம், சேர்க்கை, தரம் ஆகியவற்றில் இவ்வளவு அதிகாரம் செலுத்தும் ஆசிரியர்கள் நிர்வாகிகளுக்குச் சமம், ஆகவே கூட்டுப்பேரத்துக்கான தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. ஆளுகையில் பங்கு இருந்ததே சங்க உரிமைக்கு வினையாகிவிட்டது! மற்ற நாடுகளின் சட்டம் வேறு மாதிரி. எப்படியானாலும் இரண்டு அமைப்புகளின் தலைவர்களும் மாதம் ஒரு தடவையாவது பேசிக்கொள்வது நல்லது, யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் குழப்பம் வராது.

10. கேட்காமலேயே முடிவெடுத்துவிட்டால்

பெரிய மாற்றங்கள் விடுமுறைக்கு முந்தைய வாரம் சுற்றுக்கு வரும், "மூன்று நாளுக்குள் கருத்துத் தெரிவிக்கவும்" என்ற குறிப்போடு. கோபப்படுவதற்கு முன் விதியைப் பாருங்கள். மன்றத்தின் ஒப்புதல் தேவைப்படும் விஷயமா? ஆமென்றால், எந்த விதியின் கீழ் மன்றத்தைக் கடந்து போகிறீர்கள் என்று ஒரே வரியில் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள். பல நேரம் அந்த ஒரு வரிக்கே கோப்பு திரும்பி வந்துவிடும். ஆலோசனை மட்டும் தேவைப்படும் விஷயமென்றால், காலநீட்டிப்பும், முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தருமாறும் கேளுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும் என்ற விதி நிறைய இடங்களில் உண்டு. அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை அமைதியான காலத்திலேயே தெரிந்துவைத்திருப்பது நலம்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் கடைசி ஆயுதம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதற்குச் சட்ட வலு கிடையாது, தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சிக் குழுவிடமே இருக்கும். அதன் பலம் செய்தியாவதில் இருக்கிறது. அடிக்கடி எடுத்தால் அதுவும் போய்விடும்.

தன் பல்கலைக்கழகத்தையே ஆசிரியர் விமர்சிக்கலாமா என்று தயங்குகிறவர்கள், யுனெஸ்கோ 1997 நவம்பரில் ஏற்றுக்கொண்ட உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை பற்றிய பரிந்துரையைத் தேடிப் படிக்கலாம். தன் நிறுவனம் உட்பட உயர்கல்வி நிறுவனங்களின் செயல்பாட்டை விமர்சிக்கவும், பாகுபாடின்றி ஆளும் குழுக்களில் பங்கேற்கவும் ஆசிரியர்களுக்கு உரிமையும் வாய்ப்பும் இருக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. கல்வி அமைப்புகளுக்கான பிரதிநிதிகளில் பெரும்பான்மையினரை அவர்களே தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சொல்கிறது. பரிந்துரை என்பதால் நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லாது. ஆனால் மன்றத் தீர்மானத்தின் முன்னுரையில் மேற்கோள் காட்ட அதைவிடப் பொருத்தமான சர்வதேச ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

11. பதவிக்காலம் முடியும்போது

அடுத்து வருகிறவருக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். நிலுவையில் உள்ள பொருள்கள், எந்தப் பரிந்துரை எந்த மேசையில் நிற்கிறது, யாரிடம் எதைக் கேட்டால் பதில் வரும், எந்த விதியின் எந்தப் பிரிவு அடிக்கடி தேவைப்பட்டது. இரண்டு பக்கம் போதும். நிர்வாக அலுவலகத்தில் ஒரு கோப்பை இருபது ஆண்டாகப் பார்த்துவரும் அலுவலர் இருப்பார். ஆசிரியர் தரப்பில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதியவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார். இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவாவது குறைய வேண்டுமென்றால் அந்த இரண்டு பக்கம் வேண்டும். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு விட்டுவிடாமல், புதியவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எழுத முடியாத சில விஷயங்களும் இருக்கும் இல்லையா.